மாயக்காரர்: வேதத்தில் இந்தச் சொல் யாரைக் குறிக்கிறது?

"மாயக்காரராகிய வேதபாரகரே! பரிசேயரே! உங்களுக்கு ஐயோ" என்பது மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் மாயக்காரர் என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள், மந்திரவாதி, மேஜிக் காட்டுகிறவர் என்பார்கள். பெரியவர்கள் பொதுவாக ஏமாற்றுக்காரர், கெட்டவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே குறி தப்பியவை. உண்மையான விசுவாசத்தையும் வெளிப்பார்வைக்குச் செய்யும் பக்தியையும் இயேசு பிரித்துக்காட்டும் முக்கியமான இடங்களில் இந்தச் சொல்தான் நிற்கிறது, அதனால் இதன் பொருள் மங்கினால் அந்தப் பகுதிகளே மங்கிப்போகும்.

மூலத்தில் இருப்பது 'ஹுபொக்ரிடேஸ்' என்ற கிரேக்கச் சொல். ஆங்கிலத்தின் 'ஹிப்போகிரிட்' இதிலிருந்து வந்ததுதான். 'பதில் சொல்லுதல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்து, ஏதென்ஸ் நகரத்தில் நாடக மேடையில் வேஷம் கட்டி நடிப்பவருக்குப் பெயராக நிலைத்தது. அந்த மேடையில் நடிகர்கள் முகமூடி அணிந்தே நடித்தார்கள், பேசும் நடிகர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்பதால் ஒரே ஆள் முகமூடியை மாற்றி மாற்றி அரசனாகவும் வருவார், தூதனாகவும் வருவார், பெண்ணாகவும் வருவார். சொல்லில் அப்போது இழிவு எதுவும் இல்லை, அது ஒரு தொழிலின் பெயர். ஆனாலும் கி.மு. 330-இல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் அரசியல் எதிரியான எஸ்கினீஸை, முன்பு நாடகத்தில் நடித்தவன்தானே என்று சொல்லியே மட்டம் தட்டினார்.

இழிவான பொருள் யூதர்களின் கிரேக்கத்தில் அழுத்தமாகிறது. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் யோபு 34:30, 36:13 ஆகிய இடங்களில் 'ஹானேஃப்' என்ற எபிரெயச் சொல்லுக்கு இதைப் போட்டார்கள். ஹானேஃப் என்றால் தேவபக்தி அற்றவன், தீட்டுப்பட்டவன். ஆக, இயேசுவின் காலத்து யூதர் காதில் இந்தக் கிரேக்கச் சொல் நடிகன் என்பதோடு, உள்ளே தேவனுக்குத் தூரமானவன் என்ற பொருளையும் சேர்த்தே ஒலித்திருக்கும். இயேசு பேசியது அரமேயம். அதன் கிளையான சீரியத்தில் உள்ள பெஷித்தா வேதம் மாயக்காரர் என்பதற்குப் பயன்படுத்தும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஏறக்குறைய 'முகம் எடுப்பவர்கள்' என்று வரும். எனக்கு இது மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு.

நாசரேத்துக்கு ஏறக்குறைய 6 கி.மீ. தூரத்தில் இருந்த சிப்போரி நகரத்தில் ஒரு நாடக அரங்கத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அதைக் காட்டி, இயேசு அங்கே நாடகம் பார்த்திருப்பார், அதனால்தான் இந்த உவமை என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். அந்த அரங்கம் எப்போது கட்டப்பட்டது என்பதிலேயே அகழாய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. அதன்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டாம், மத்தேயு 6-ஆம் அதிகாரமே போதும்.

அங்கே தர்மம், ஜெபம், உபவாசம் என்று மூன்று பேச்சு. தர்மம் பண்ணும்போது தாரை ஊதுவது, வீதிச் சந்தியில் நின்று ஜெபிப்பது, உபவாசத்தில் முகத்தை வாடவைப்பது என மூன்றிலும் மாயக்காரர் வருகிறார்கள், மூன்றிலும் காரணம் ஒன்றே: மனுஷர் காணவேண்டும். முதல் வசனத்தில் 'காணவேண்டும்' என்பதற்கு உள்ள கிரேக்க வினையும், நாடக அரங்கைக் குறிக்கும் 'தியேட்டர்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அப்புறம் "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறாரே, அந்த வினை அக்காலத்து ரசீதுகளில் எழுதப்பட்ட சொல்: முழுப் பணமும் வந்துசேர்ந்தது, இனி பாக்கி இல்லை. மனுஷர் பார்க்கவேண்டும் என்று செய்தான், பார்த்துவிட்டார்கள், கணக்கு முடிந்தது.

லெந்து என்ற உபவாசக் காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் நற்செய்தி இந்தப் பகுதிதான். உபவாசிக்கும்போது உன் முகத்தைக் கழுவு என்று வாசித்துவிட்டு, அதே வழிபாட்டில் நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள். இது முரண் என்று சிலர் கேலி பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, சாம்பலை வாங்கிக்கொள்ளப் போகிறவனுக்கு அந்த நாளில் வேறு எந்தப் பகுதி அவ்வளவு அவசியம்? அன்றைய முதல் வாசகமும் யோவேல் புத்தகத்திலிருந்து, உடையை அல்ல, இருதயத்தைக் கிழியுங்கள் என்று சொல்லும் பகுதிதான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வெளிச்சடங்கு செய்கிறவரெல்லாம் மாயக்காரர், சடங்கை விட்டவர்தான் மெய்க் கிறிஸ்தவர் என்ற பேச்சுக்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கடிந்துகொள்ளும் இயேசு, அதே வசனத்தில் தசமபாகத்தையும் விடாதிருக்கவேண்டும் என்கிறார். வெள்ளை உடுத்துகிறவரையும், நகை போடாதவரையும், லெந்து நாட்களில் உபவாசம் இருப்பவரையும் பார்த்த மாத்திரத்தில் மாய்மாலம் என்று முத்திரை குத்துகிறோமே, அது நம் வேலையே அல்ல. நற்செய்திகளில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றில் மட்டுமே வரும் இந்தப் பெயர்ச்சொல், வருகிற இடத்திலெல்லாம் இயேசுவின் வாயிலிருந்துதான் வருகிறது.

பலவீனமும் மாயம் அல்ல. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனிடம் சந்தேகம் இருந்தது, வேஷம் இல்லை. மறுபக்கம், பேதுருவைப் போல மெய்யான விசுவாசியும் மாயத்தில் விழலாம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், மற்ற யூதரும் அவரோடு மாயம்பண்ணினார்கள், பர்னபாவும் அதில் இழுப்புண்டார் என்று கலாத்தியர் 2-இல் பவுல் எழுதுகிறார். அங்கே நடிக்கவைத்தது பெருமை அல்ல, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 1871-இன் பழைய மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட 'மாயம்' பழந்தமிழில் பொய், வஞ்சனை என்ற பொருளில் வழங்கிய சொல்தான், பிழை ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு மாயம் என்றால் மறைந்துபோவது, மந்திரம் என்றே மனம் போகிறது. அதே மொழிபெயர்ப்பு 2 தீமோத்தேயு 3:5-இல் "தேவபக்தியின் வேஷத்தைத் தரித்து" என்கிறது, அங்கே மூலத்தில் இருப்பதோ வெறும் 'உருவம்' என்ற சொல், நடிகனின் வேஷம் அல்ல. மேடை வாசம் உண்மையாகவே உள்ள இடத்தில் அது விட்டுப்போனதை 1995-இன் திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்று போட்டு மீட்டது. வேடம் வடமொழி வேஷத்தின் தமிழ் வடிவம் என்றாலும், கூத்தில் வேடம் கட்டுவதைப் பார்த்த நமக்கு அது உடனே புரியும். 'பாசாங்கு' கொஞ்சம் இலேசானது, வேலைக்கு மட்டம் போடுவதற்கும் அதையே சொல்கிறோம்.

தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்களுக்கு வள்ளுவர் தரும் 'படிறு' (வஞ்சனை) இருக்கிறது. கூடாவொழுக்கம் என்ற அதிகாரமே துறவுக்கோலத்துக்குள் ஒளிந்த பொய்யைப் பற்றியது. 271-ஆம் குறளில் வஞ்ச மனத்தானின் 'படிற்றொழுக்கம்' கண்டு அவன் உடம்பிலுள்ள ஐம்பூதங்களே உள்ளுக்குள் சிரிக்கும். ஊரார் பார்வைக்குத் தப்பினாலும் உள்ளே ஒரு பார்வை உண்டு என்கிறது குறள், அந்தப் பார்வை "அந்தரங்கத்தில் பார்க்கிற உன் பிதா"வுடையது என்கிறது மத்தேயு. பொருளில் இதைவிட நெருங்கிய பழஞ்சொல் கிடைக்காது, ஆனால் சபையில் வாசித்தால் எத்தனை பேருக்கு விளங்கும்?

என் தேர்வு, எழுத்தில் 'வெளிவேடக்காரர்', பேச்சில் 'நடிக்கிறவர்'. "சும்மா நடிக்காதே" என்று வீட்டில் சொல்கிறோமே, மேடைக்கும் பொய்க்கும் ஒரே வினை, கிரேக்கச் சொல் போன வழியிலேயே போயிருக்கிறது. எதிர்ச்சொல்லையும் இதே வினையால் விளக்கலாம். ரோமர் 12:9-இல் அன்புக்கும், 2 தீமோத்தேயு 1:5-இல் விசுவாசத்துக்கும் 'மாயமற்ற' என்று அடைமொழி வருகிறது, மூலத்தில் அது 'ஹுபொக்ரிடேஸ்' சொல்லின் எதிர்மறை வடிவம், அதாவது நடிப்பில்லாத விசுவாசம். அது முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது, தீமோத்தேயுவே, உன்னிடமும் இருக்கிறது என்று பவுல் எழுதுகிறார். ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்து கூடவே இருந்து பார்த்த இரண்டு பெண்களைத்தான் அவர் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.