எங்க வீட்டில் நாயே இல்லையே, டாக்டர்!

பத்து நாளாகக் காய்ச்சல். டெங்கு நெகட்டிவ். டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் ரத்தப் பரிசோதனை லேசாகப் பாசிட்டிவ். அதை நம்பி டைபாய்டு என்று செஃபிக்ஸிம் ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸும் முடிந்தாயிற்று. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஆம்புலன்ஸில் வருகிறார்கள். ஆடையை விலக்கினால், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கருப்பாக ஒரு பொருக்கு. யாருமே பார்க்கவில்லை!

இது ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டுக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்றால் வேறு வம்பு. "நாயும் இல்லை, மாடும் இல்லை, எப்படி வரும்?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாயின் காதில் மொச்சைக்கொட்டை மாதிரி தொங்குமே, அந்த உண்ணி அல்ல இது. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. அளவு ஏறத்தாழ 0.2 மி.மீ.; கண்ணுக்குத் தட்டுப்படாது. அது தேடுவது எலியை. குறுக்கே போனால் நம்மையும் கடிக்கும். கிருமி அதற்குத் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வந்துவிடுகிறது. ஆகவே நாய்க்கு மருந்து போட்டுக் குளிப்பாட்டுவது நாய்க்கு நல்லது, அவ்வளவுதான். வயல்வரப்பு வேண்டாம், பக்கத்துக் காலிமனையில் களை மண்டியிருந்தாலே போதும்.

கடித்தது வலிக்காது. காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் எங்கே உட்கார்ந்தோம் என்பதே மறந்திருக்கும்.

கடித்த இடத்தில் வரும் பொருக்கு சிகரெட்டால் சுட்டதுபோல் இருக்கும். வலியோ அரிப்போ இராது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், விதைப்பை, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஈரமான மடிப்பில் கருப்பு உரிந்து வெறும் புண்ணாகத் தெரியும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தயவுசெய்து. பொருக்கு எல்லோருக்கும் வராது. இல்லை என்பதால் நோயும் இல்லை என்றாகாது.

செஃபிக்ஸிம், அமாக்ஸிசிலின் இரண்டும் இந்தக் கிருமியிடம் எடுபடாது. பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., தினம் இருவேளை, 7 நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். டாக்டர் எழுதித்தான், மெடிக்கலில் நீங்களாக வாங்கி அல்ல. முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். (சக மருத்துவர்களுக்கு: முதல் வாரத்தில் ஐஜிஎம் எலைசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்காக மருந்தை நிறுத்திவைக்காதீர்கள்.)

புதர் வெட்டப் போனால் முழுக்கை சட்டை, ஷூ, பேன்ட்டின் நுனி சாக்ஸுக்குள். புல்லில் படுக்காதீர்கள். துணியைச் செடிமேல் உலர்த்தாதீர்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். மழைக்காலம் தொடங்கி மாசி வரைக்கும், ஐந்து நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் "ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.