"நல்ல பையன் சார், சி ஃபார்ம் எதுக்கு?"

இந்த சீசனில் இது மூன்றாவது. கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலுக்கு மேலே இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் சம்மனோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பதினெட்டு நாள் தங்கிய வெளிநாட்டுப் பையனுக்கு, வெளிநாட்டவர் தங்கினால் அரசுக்கு ஆன்லைனில் விவரம் கொடுக்கும் சி ஃபார்ம் போடவில்லை, அவன் விசா நடுவிலேயே முடிந்துபோயிருக்கிறது, அதையும் பார்க்கவில்லை. "ரொம்ப நல்ல பையன் வக்கீல் சார், பார்த்தாலே தெரியும்" என்றார். முந்தைய இரண்டு பேரும் சொன்னது இதேதான்.

பார்த்தால் தெரியாது. எத்தனை முறை சொல்வது? டேவிட் ஹெட்லி அமெரிக்க பாஸ்போர்ட்டும் முறையான விசாவும் வைத்திருந்தவன். தாவூத் கிலானி என்ற பெயரை 2006-லேயே மாற்றிக்கொண்டான். மும்பையில் ஆபீஸ் போட்டு, நண்பர்களைப் பிடித்து, தாஜ் ஓட்டலையும் நரிமன் இல்லத்தையும் நிதானமாக வேவு பார்த்துப் போனான். 2008 நவம்பரில் அங்கே நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 166 பேர் செத்தார்கள். அவனைப் பார்த்திருந்தால் நீங்களும் "நல்ல ஆள்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இதே ஊரில் இன்னும் சிலர், பெயரைக் கேட்டதும் அல்லது தாடியைப் பார்த்ததும் "ரூம் இல்லை" என்று அனுப்பிவிட்டு, பாதுகாப்புக்குத்தான் என்கிறார்கள். இது முதல் தப்பைவிட மோசம். சி ஃபார்ம் சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் போடுவதில்லை. வெளிநாட்டவர் யார் வந்தாலும், பத்தாவது முறை வரும் பழைய வாடிக்கையாளரானாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2025-இல் வந்த புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்திலும் தங்க இடம் கொடுப்பவர் தகவல் தரும் கடமை அப்படியே இருக்கிறது.

போன மாதம் படித்த இளைஞர் ஒருவர் வேறு மாதிரி வாதாடினார். பயங்கரவாதம் என்றால் என்ன என்று ஐ.நா.வே முடிவு செய்யவில்லை, இதெல்லாம் மக்களை வேவு பார்க்கிற வேலை என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. பயங்கரவாதத்துக்கு எதிராக இந்தியா 1996-இல் ஐ.நா.வில் முன்வைத்த விரிவான உடன்படிக்கை இன்னும் நிறைவேறவில்லை, விடுதலைப் போராட்டங்களை எங்கே வைப்பது, அரசுப் படைகளின் செயலைச் சேர்ப்பதா என்பதிலேயே நிற்கிறது. ஆனால் 2001-இல் பாதுகாப்பு அவையின் 1373-ஆம் தீர்மானம் அந்த வரையறை இல்லாமலேயே எல்லா நாடுகளையும் எல்லைக் கண்காணிப்பை இறுக்கச் சொன்னது. 2017-இல் 2396-ஆம் தீர்மானம் விமானப் பயணிகளின் விவரங்களையும் சேகரிக்கச் சொன்னது. குற்றத்தோடு தொடர்பே இல்லாதவர்களின் விவரங்களையும் கண்டபடி ஐந்து வருடம் வைத்திருக்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022-இல் கடிவாளம் போட்டது. அரசு நம் தகவலை என்ன செய்கிறது என்ற கேள்வி நியாயமானது, நானும் கேட்கிறேன். ஆனால் அதைச் சாக்காக வைத்து நீங்கள் பதிவு செய்யாமல் விட்டால் நீதிமன்றத்தில் அது செல்லாது.

இங்கே யார் வரப்போகிறார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2016-இல் கேரளத்தின் கனகமலையில் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) பிடித்த பயங்கரவாதக் கூட்டத்தின் குறியில் நம் வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளும் இருந்தார்கள். 2019-இல் கொச்சி நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று சொன்னது. நம் வீட்டில் தூங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து இருந்தது. ஒருவேளை ஏதாவது நடந்தால் இன்றிரவு எந்த வீட்டில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது அந்தப் பதிவிலிருந்துதான் தெரியும். காட்டுப் பாதையில் வழி தவறியவரின் வீட்டுக்குச் சொல்லவும் அதுவே உதவும்.

பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்து டிராயரில் போட்டால் கணக்கில் வராது. விசா பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். பாஸ்போர்ட்டை வாடகைக்கு ஈடாக வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள், அதற்கு உங்களுக்கு அதிகாரமே கிடையாது. மழையில் நெட் போய்விட்டது என்றால் விவரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஏழு ரோட்டுப் பக்கம் காய்கறி வாங்க வரும்போது அந்த 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. அப்புறம், வேலைக்கு வைத்திருக்கும் பையனிடம் பொறுப்பைக் கொடுத்தால் சமர்ப்பித்த நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத்தில் நான் காட்ட வேண்டிய காகிதம் அது ஒன்றுதான். ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து சம்மன் வரும்வரை காத்திருக்காதீர்கள், அதற்கு முன்னாலேயே வாருங்கள் அண்ணே.