‘ராமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்’ என்று நம்பி மெலிசான லேப்டாப் வாங்காதீர்கள்

லேப்டாப் பழுது பார்க்கும் என்னிடம் இந்த வாரமும் ஒருவர் வந்தார். கட்டடக்கலை படிக்கும் மகளுக்காக வாங்கிய லேப்டாப், ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. 8 ஜிபி ராம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். மகள் முப்பரிமாண வரைபடம் ஒன்றைத் திறந்தாலே திணறுகிறதாம். "இன்னொரு 8 ஜிபி போட்டுக் கொடுங்க" என்றார். போட இடமே இல்லை என்றதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் விற்றவர் ‘எப்ப வேணும்னாலும் கூட்டிக்கலாம்’ என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போய்விட்டது. வாங்கிய பிறகு சொல்வதால் யாருக்கும் பயனில்லை என்பதால், வாங்கும் முன் படிப்பதற்காக எழுதுகிறேன்.

கொஞ்சம் பருமனான லேப்டாப்பில் பின்மூடியைக் கழற்றினால் ராம் ஒரு சின்ன அட்டையாக ஸ்லாட்டில் செருகியிருக்கும். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் எழும்பி வரும், புதியதைச் செருகலாம், ஐந்து நிமிட வேலை. எல்லோர் மனதிலும் இருப்பது இந்தப் படம்தான். மெலிசான மாடல்களில் பெரும்பாலானவற்றில் அந்த அட்டையும் கிடையாது, ஸ்லாட்டும் கிடையாது. ராம் சிப்புகளையே மதர்போர்டில், அதாவது லேப்டாப்பின் முதன்மைப் பலகையில், சால்டர் செய்து (உலோகம் உருக்கி) ஒட்டியிருப்பார்கள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் இன்னும் ஒரு படி மேலே போய், ப்ராசஸர் இருக்கும் பேக்கேஜிலேயே, அதாவது ஒரே சிப் கூட்டிலேயே, ராமும் உட்கார்ந்திருக்கிறது. இது நேற்று வந்ததும் இல்லை. 2008இல் முதல் மேக்புக் ஏரை ஒரு காகித உறைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்களே, அதிலேயே 2 ஜிபி ராம் போர்டோடு ஒட்டியதுதான். யூஎஸ்பி ஒன்றே ஒன்று, சிடி டிரைவும் இல்லை.

"கம்பெனிக்காரன் வேணும்னே செய்றான்" என்பார்கள். வியாபாரக் கணக்கும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஸ்லாட் உயரத்தை அடைக்கும், அது மெலிசுக்கு ஆகாது. மெலிசு மாடல்களில் வரும் எல்பிடிடிஆர் வகை ராம் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் அதன் முழு வேகத்தில் பிசகாமல் ஓடும். மூடி வைத்த லேப்டாப்பில் பேட்டரி சட்டென்று இறங்காமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. எல்பிடிடிஆரையே கழற்றி மாட்டுகிற எல்பிகேம்2 என்ற அமைப்பு 2024இல் லெனோவோ திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் வந்தது, நல்ல விஷயம், ஆனால் எல்லா மெலிசு மாடலிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

"சிப்பையே மாற்றித் தருவார்களாமே" என்று கேட்பவர்களுக்கு: முடியும். சிப்பைச் சூடாக்கி எடுக்க வேண்டும், பொருத்தமான சிப் கிடைக்க வேண்டும், பல போர்டுகளில் ராம் அளவைத் தெரிவிக்கும் சின்ன ரெசிஸ்டர்களையும் இடம் மாற்ற வேண்டும். கை தவறினால் மதர்போர்டு போச்சு, வாரண்டியும் போச்சு. வேறு வழியே இல்லாதவர்களைத் தவிர யாருக்கும் நான் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘ஸ்லாட் 2இல் 2’ என்று காட்டுகிறதே என்று வாதிடாதீர்கள். சால்டர் செய்த ராமுக்கும் அப்படிக் காட்டும். அதற்குப் பக்கத்தில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் கதை முடிந்தது, அது ஒட்டிய ராம். தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் இந்த 8 ஜிபியிலிருந்துதான் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது ப்ராசஸர் பெயர். "இதுவும் ஐ7, அதுவும் ஐ7, இது மட்டும் ஏன் மெதுவா இருக்கு?" பல தலைமுறைகளாக இன்டெலில் பெயரின் கடைசியில் யூ என்று இருந்தால் அடிப்படை மின்அளவு பெரும்பாலும் 15 வாட், எச் என்றால் பெரும்பாலும் 45 வாட். வாட் கூடினால் வேகத்தை நீண்ட நேரம் தாங்கும், சூடும் கூடும். பெட்டியில் பெரிதாக இருப்பது ஐ7, அந்தக் கடைசி எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. மெலிசான உடம்பில் சூடு போக வழி குறைவு. கடையில் பிரவுசரைத் திறந்து பார்க்கும்போது பறக்கும், வீட்டில் வீடியோ ரெண்டரிங் பத்து நிமிடம் ஓடினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது இல்லை. ஃபேனைச் சுத்தம் செய்து, ப்ராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றினால் கொஞ்சம் தேறும், 45 வாட் மெஷினாக மாறாது.

மெலிசு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. தினமும் முதுகில் சுமந்து அலைபவருக்கு, எழுத்து வேலை, கணக்கு, வகுப்பு என்று இருப்பவருக்கு ஒன்றேகால் கிலோ லேப்டாப் பெரிய வரம், தோளும் கழுத்தும் நன்றி சொல்லும். ஆனால் சார்ஜர், யூஎஸ்பி ஹப், நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு அடாப்டர் எல்லாம் சேர்த்துப் பையை எடை போட்டுப் பாருங்கள். மேசையை விட்டு நகராத லேப்டாப்புக்கு எதற்கு இந்தத் தியாகம்?

வாங்கும் முன் மாடலின் முழுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், வரிசைப் பெயர் மட்டும் போதாது. டெல், எச்பி, லெனோவோ மூவரும் பல மாடல்களுக்குச் சர்வீஸ் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். அதில் ராமைக் கழற்றும் படம் இல்லையென்றால் ராம் கழறாது. சில மாடல்களில் பாதி ஒட்டியிருக்கும், பாதிக்கு ஸ்லாட் இருக்கும், அது நல்ல சமரசம். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, கழற்றி மாட்டக்கூடிய எம்.2 ஸ்லாட்டில் இருக்கிறதா, 80 மிமீ நீளமா 30 மிமீதானா என்றும் பாருங்கள். யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தாலே மானிட்டர் ஓடும் என்று நினைக்காதீர்கள், எந்த ஓட்டையில் சார்ஜ், எந்த ஓட்டையில் டிஸ்ப்ளே என்று கேட்டு வாங்குங்கள். ராம் ஒட்டியது என்றால், இன்று தேவைப்படுவதை அல்ல, நான்கு வருடம் கழித்துத் தேவைப்படுவதை இன்றே வாங்குங்கள். பணம் போதவில்லையா, ஐ7ஐ ஐ5 ஆக்குங்கள், ராமில் கை வைக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள், காற்று போகும் துளை பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது. திரையை மூலையைப் பிடித்துத் திறக்காதீர்கள். கேமராவை மறைக்கும் மூடியை ஒட்டிவிட்டு லேப்டாப்பை மூடாதீர்கள், திரை விரிசல் விடும் என்று 2020இல் ஆப்பிளே எச்சரித்தது. டச்பேட் கிளிக் ஆகவில்லை, மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் தயவுசெய்து அமுக்கிப் பார்க்காதீர்கள். அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, ஆஃப் செய்து, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.