பெயரைவிடத் தேதியைப் பாருங்கள்

உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாகிறது என்று செய்தி வந்தால் போதும், வழக்கறிஞர்களான எங்களிடம் கட்சிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "வரப்போகிறவர் யாருடைய ஆள், சார்?" அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துப் பழகிய கேள்வி இது. அங்கே அதிபர் பெயரைச் சொல்வார், செனட் வாக்களிக்கும், சண்டை ஊரறிய நடக்கும். 2016-இல் நீதிபதி ஸ்காலியா இறந்தபோது ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை செனட் விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. 2020-இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது அதே செனட் ஆறு வாரத்துக்குள் இடத்தை நிரப்பிவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு மேடை கிடையாது. இங்கே பெரும்பாலான அரசியல் நாட்காட்டியில் நடக்கிறது.

நம் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வுபெறுகிறார். எந்த இடம் எந்த நாளில் காலியாகும் என்பது அவர் பதவியேற்கும் அன்றே தெரிந்துவிடும். மூத்த நீதிபதியே தலைமை நீதிபதியாவது மரபு. அந்த மூப்பு உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்ற வரிசையைப் பொறுத்தது. உயர் நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது இங்கே கணக்கில் வராது. எந்த வழக்கு எந்த அமர்வுக்குப் போகும் என்று முடிவு செய்பவர் தலைமை நீதிபதி என்பதால், யார் எப்போது அந்த நாற்காலிக்கு வருவார் என்பதில் அரசுக்கும் அக்கறை உண்டு, எங்களுக்கும் உண்டு.

வழக்கறிஞர் சங்க அறையில் இதை நேரில் பார்க்கலாம். புதுப் பெயர் ஒன்று வெளியானதும் யாராவது ஒரு மூத்தவர் தினப்பட்டியலின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்: இவர் பிறந்த தேதி, முன்னால் நிற்பவர்கள் யார், அவர்கள் எப்போது ஓய்வுபெறுகிறார்கள். தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிடும். இது வெறும் வம்பும் அல்ல. 2023-இல் வழக்கறிஞர் கே.வி. விஸ்வநாதனை நேரடியாக நீதிபதியாக்கப் பரிந்துரைத்தபோது, 2030 ஆகஸ்டில் அவர் தலைமை நீதிபதியாகும் வரிசையில் இருப்பார் என்று, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியமே எழுதியது.

இந்தக் கணக்கை ஒரு காலத்தில் அரசு வெளிப்படையாகவே கலைத்தது. 1973-இல், அரசியலமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த கையோடு, ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியானார். நெருக்கடி நிலையின்போது ஆள்கொணர்வு வழக்கில் தனித்து மாறுபட்ட தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னா, 1977-இல் ஓரங்கட்டப்பட்டுப் பதவி விலகினார். பிறகு 1993, 1998 தீர்ப்புகளால், தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் அடங்கிய கொலீஜியத்தின் கைக்குத் தேர்வு வந்தது. அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. இப்போது அரசால் பெயரை எழுத முடியாது. கோப்பின் மேல் உட்கார முடியும்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? கே.எம். ஜோசப் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து 2016-இல் அங்கே மத்திய அரசு கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்தவர். 2018 ஜனவரியில் கொலீஜியம் அவரையும் வழக்கறிஞர் இந்து மல்ஹோத்ராவையும் ஒன்றாகப் பரிந்துரைத்தது. ஏப்ரலில் மல்ஹோத்ரா பதவியேற்றார். ஜோசப்பின் கோப்பு திரும்பி வந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் பணிமூப்பில் பின்னால் இருக்கிறார், அவருடைய சொந்த மாநிலமான கேரளத்துக்கு ஏற்கெனவே பிரதிநிதித்துவம் உண்டு என்று அரசு காரணம் சொன்னது. கொலீஜியம் மீண்டும் வலியுறுத்திய பிறகு ஆகஸ்டில் அவர் பதவியேற்றார், அதுவும் அன்று பதவியேற்ற மூவரில் கடைசியாக. பரிந்துரையில் முன்னால் இருந்தவர் வரிசையில் பின்னால் போனார்.

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எங்கள் தொழிலில் சுலபம். கொலீஜியத்தின் நாட்காட்டியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். 2018 டிசம்பர் 12 அன்று அது கூடிச் சில முடிவுகளை எடுத்தது. பரிந்துரைக்கப்பட்டவர்களாக நாளிதழ்களில் அடிபட்ட பெயர்கள் பிரதீப் நந்த்ரஜோக், ராஜேந்திர மேனன். டிசம்பர் 30 அன்று உறுப்பினர்களில் ஒருவரான மதன் லோக்கூர் ஓய்வுபெற்றார். ஜனவரி 10 அன்று புதிய உறுப்பினருடன் கூடிய கொலீஜியம், குளிர்கால விடுமுறை குறுக்கிட்டதையும் கூடுதல் தகவல்கள் கிடைத்ததையும் சொல்லி, தினேஷ் மகேஸ்வரி, சஞ்சீவ் கன்னா ஆகியோரைப் பரிந்துரைத்தது. டிசம்பர் தீர்மானம் இணையதளத்தில் ஏறாதது ஏமாற்றம் தந்ததாக லோக்கூர் பின்னர் சொன்னார். சஞ்சீவ் கன்னா 2024 நவம்பரில் தலைமை நீதிபதியானார். 1977-இல் ஓரங்கட்டப்பட்ட எச்.ஆர். கன்னாவின் தம்பி மகன் அவர். அவருடைய தகுதியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் குறை அந்த விடுமுறையைப் பற்றியது.

முடிவே எடுக்காமல் இருப்பதும் உண்டு. 2019 செப்டம்பருக்குப் பிறகு 2021 ஆகஸ்ட் வரை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு நியமனம்கூட இல்லை. இடையில் ஒரு தலைமை நீதிபதி தம் பதவிக்காலம் முழுவதையும் ஒரு பரிந்துரைகூட அனுப்பாமல் முடித்தார். பிறகு ஆகஸ்ட் 31 அன்று ஒன்பது பேர் ஒரே நாளில் பதவியேற்றார்கள். அவர்களில் பி.வி. நாகரத்னா இந்த வரிசைப்படி 2027-இல் முதல் பெண் தலைமை நீதிபதி ஆவார், ஐந்து வாரம் மட்டும்.

சட்டத்தில் இதற்கு மருந்து அரைகுறையாகத்தான் இருக்கிறது. உயர் நீதிமன்ற நியமனங்களில், கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்திய பெயரை மூன்று, நான்கு வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. அந்த உத்தரவில் நீதிமன்றம் தனக்கென்று எந்தக் கெடுவையும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே அடுத்த முறை ஓர் இடம் காலியாகும்போது, யாருடைய ஆள் என்று கேட்பதற்கு முன் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடம் காலியான நாள், கொலீஜியம் தீர்மானித்த நாள், அரசு அறிவிக்கை வெளியிட்ட நாள், பதவியேற்ற நாள். ஒரே நாளில் பலர் பதவியேற்றால் வரிசையையும் பாருங்கள். ஒன்றாகப் போன பெயர்கள் தனித்தனியாகத் திரும்பினால் காரணம் கேளுங்கள். தீர்மானங்கள் 2017 அக்டோபர் முதல் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வெளியாகின்றன. 2018 டிசம்பர் 12 கூட்டத்தின் விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட மனுவை மட்டும், அது இறுதி முடிவு அல்ல என்று சொல்லி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.