விமானிக்கு எதற்குச் சங்கம்?

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அதிகாலை. கொல்கத்தா போய்த் திரும்பிச் சென்னையில் இறங்கியபோது மணி நாலரை. எனக்கும் என் கோ-பைலட்டுக்கும் அது அடுத்தடுத்து இரண்டாவது இரவு. கதவு திறப்பதற்குள் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் பிரிவிலிருந்து போன். பெங்களூரு விமானத்துக்கு ஆள் இல்லையாம், இன்னும் ஒரு செக்டர், அதாவது ஒரு நடை, ஓட்ட முடியுமா என்று கேட்டார்கள். எதிர்பாராத சூழ்நிலையில், கமாண்டர், அதாவது விமானத்தின் தலைமை விமானி, சம்மதித்தால் டியூட்டி நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்க விதியில் இடமுண்டு. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பையனுக்குக் கண் சிவந்து கிடந்தது. இறங்கும்போது ஏடிசி, அதாவது தரையிலிருக்கும் விமானக் கட்டுப்பாட்டாளர், சொன்ன உயரத்தை இரண்டு முறை தவறாகத் திருப்பிச் சொல்லியிருந்தார்.

“முடியுமாப்பா?” என்றேன்.

“முடியும் சார், பிரச்சினை இல்லை.”

முடியாது என்று அவருக்கே தெரியும். ஆனால் தலைமேல் பயிற்சிக் கடன் இருந்தது. நடுவில் விட்டுப் போகமாட்டேன் என்று கம்பெனியோடு போட்ட பாண்டு இருந்தது. கமாண்டர் பதவி உயர்வுக்கான பட்டியலில் பெயர் வர வேண்டியிருந்தது. அவருக்கும் சேர்த்து நான் மறுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான் ஒருவன். யாரும் திட்டவில்லை. “உங்க ஒத்துழைப்பு எப்படின்னு பார்த்துக்கிட்டிருக்கோம் கேப்டன்” என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த மாத ரோஸ்டரில், அதாவது பணி அட்டவணையில், எனக்கு விழுந்த இரவு விமானங்களை எண்ணிப் பார்த்ததும் பொருள் விளங்கியது. அந்த மாதம்தான் சங்கத்தில் சேர்ந்தேன். அடுத்த முறை கூப்பிட்டபோது சங்கத்திலிருந்து ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் விதிப்புத்தகமும் என் மூன்று மாத ரோஸ்டரும். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்தது.

“சங்கத்துல சேர்ந்தா என்ன சார் லாபம்?” என்று கேட்கும் இளம் விமானிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். சம்பளத்துக்கும் அது உதவும், மறுக்கவில்லை. அமெரிக்காவில் டெல்டா விமான நிறுவனத்தின் விமானிகள் 2023-ல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீத உயர்வு பெற்றார்கள். ஆனால் அவர்களுக்காகப் பேசிய அமைப்பு 1931-ல் தொடங்கியபோது சம்பளத்தோடு இன்னொரு கவலையும் இருந்தது: மோசமான வானிலையிலும் “போய்த்தான் ஆகணும்” என்று விமானியை முதலாளி நெருக்குவது.

மங்களூரு விபத்தை நம்மால் மறக்க முடியாது. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதியில் கமாண்டர் தூங்கியிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. இறங்காமல் மேலே எழும்பச் சொல்லிக் கோ-பைலட் மூன்று முறை குரல் கொடுத்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தக் கமாண்டரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விடியலுக்கு முந்தைய மணிகளில் மனித மூளை என்ன ஆகும் என்பதை, அந்த நேரத்தில் பறந்த எவரும் அறிவர்.

அந்த மணிகளுக்கு வரம்பு கட்டும் விதிகள் தாமாக வரவில்லை. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் புதிய விதிகளை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் வெளியிட்டது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என்றானது. இரவுப் பணியில் ஆறு லேண்டிங் வரை இருந்த அனுமதி இரண்டாகக் குறைந்தது. விமான நிறுவனங்கள் எதிர்த்தன, விதிகள் தள்ளிப்போயின. தில்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்கு நடத்தியவை விமானிகள் சங்கங்கள். அதன் பிறகே 2025 ஜூலை 1-லும் நவம்பர் 1-லும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. தனி ஒரு விமானி தன் பெயரில் இந்த வழக்கைப் போட்டிருந்தால் அவருடைய அடுத்த ரோஸ்டர் எப்படி இருந்திருக்கும்?

2025 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இண்டிகோ விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்தாயின. புதிய விதிக்குத் தேவையான விமானிகளோடு நிறுவனம் தயாராக இருக்கவில்லை. உடனே இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கிடைத்தது. தவித்த பயணிகளின் கோபம் நியாயமானது. ஆனால் விமானிக்கு ஓய்வு கொடுத்ததால்தான் இந்தக் குழப்பம் என்று சிலர் பேசியபோது என் மனம் கொதித்தது. அன்று அந்த விலக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தவையும் சங்கங்கள்தாம்.

இன்னொன்று, பேச முடியாதவர்களுக்காகப் பேசுவது. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, விசாரணை முடியும் முன்பே வெளிநாட்டுப் பத்திரிகைகளில் விமானியின் மேல் சந்தேகத்தைத் திருப்பும் செய்திகள் வந்தன. கமாண்டரின் வயதான தந்தையோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது இந்திய விமானிகள் கூட்டமைப்பு. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் அந்தப் படியைத் தனியாக ஏற வேண்டியிருக்கவில்லை.

சங்கம் தோற்றும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2012-ல் ஏர் இந்தியாவில் இந்தியன் பைலட்ஸ் கில்டு 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அங்கீகாரம் பறிபோனது, நூறு பேர் வரை வேலை இழந்தார்கள், கடைசியில் நீதிமன்றம் வழியாகத்தான் திரும்பினார்கள். ஜெட் ஏர்வேஸில் 2009-ல் சங்கம் தொடங்கியதற்காக நீக்கப்பட்டவர்களை ஐந்து நாள் போராட்டம் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் 2019 ஏப்ரலில் அதே நிறுவனம் மூடப்பட்டபோது, மாதக்கணக்கில் பாக்கியிருந்த சம்பளத்தை அந்தச் சங்கத்தால் வாங்கித் தர முடியவில்லை. கஜானா காலியான இடத்தில் எந்தச் சங்கமும் பணம் கொண்டுவராது. என் கருத்தில் விமானிகளுக்கு வேலைநிறுத்தம் கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும். பயணிகளின் அனுதாபம் மூன்றாம் நாளே தீர்ந்துவிடும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. வாட்ஸ்அப் குழுவில் யாரோ “நாளைக்கு எல்லாரும் லீவு” என்று போட்டால் உடனே கை தூக்கிவிடாதீர்கள் தம்பிகளே. பொறுப்பான சங்கம் முதலில் வழக்கறிஞரைத்தான் கேட்கும்.

சேருவதற்கு முன் விசாரியுங்கள். ஒழுங்காகத் தேர்தல் நடக்கிறதா, கணக்கு காட்டுகிறார்களா, கோ-பைலட்டுக்கும் செயற்குழுவில் இடமுண்டா? களைப்பு பற்றி ரிப்போர்ட் எழுதியவருக்குப் பிரச்சினை வந்தபோது உண்மையில் யார் கூட வந்தார்கள் என்று சீனியர்களிடம் கேளுங்கள். கமாண்டர் வேலையை விட ஓராண்டும் கோ-பைலட் ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 2017-ல் டிஜிசிஏ வகுத்தது. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே கிளம்பிவிடக்கூடிய தொழில் இல்லை இது. அதனால் இருக்கிற இடத்தில் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

சேர்கிறீர்களோ இல்லையோ, முதல் மாதத்திலிருந்தே ரோஸ்டரை நகல் எடுத்து வையுங்கள். மாற்றிய ரோஸ்டரையும், போனில் கூப்பிட்ட நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையில் இருந்த காகிதங்கள், நான் வீட்டு மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தவை.