ஹைட்ரோநெஃப்ரோசிஸ்: வீக்கமா, தேக்கமா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மைல்ட் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று ஒரு வரி இருக்கும். என்னவென்று கேட்டால் “கிட்னி வீங்கியிருக்கு” என்பார்கள். கிட்னியே கெட்டுப்போச்சோ என்று வீடு கலங்கிவிடும்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போகும். கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் தண்ணீர், நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம். கடைசியில் நிற்கும் ஓசிஸ் ஒரு நிலையைக் குறிப்பது. அழற்சி என்றால் அந்த இடத்தில் ஐடிஸ் வந்திருக்கும்; நெஃப்ரைடிஸ் அப்படி அமைந்த பெயர். ஆக, சிறுநீரகத்தில் நீர் நிற்கிறது என்பதற்கு மேல் இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

நடப்பதும் அதுதான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்வழியோ 3, 4 மி.மீ. தான். அதில் 7 மி.மீ. கல் ஒன்று சிக்கினாலும் சிறுநீரகம் சிறுநீரைப் பிரிப்பதை நிறுத்தாது. மடையில் கட்டை சிக்கினால் வாய்க்காலில் தண்ணீர் மேலேறி நிற்குமே, அதுபோல உள்ளே சிறுநீர் சேரும் அறை விரிகிறது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்லலாம்? ‘சிறுநீரக வீக்கம்’ பரவலாக இருக்கிறது, ஆனால் அழற்சியோடு குழப்பிவிடும். ‘நீர்ச் சிறுநீரகம்’ சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. சிறுநீரகம் என்ற சொல்லுக்குள்ளேயே நீர் இருக்க, முன்னால் இன்னொரு நீர் எதற்கு? ‘சிறுநீரக நீர்த்தேக்கம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காரணத்துக்குச் சித்த மருத்துவத்தில் அருமையான பெயர் ஏற்கெனவே உண்டு: கல்லடைப்பு. கல் இருப்பதை மட்டுமல்ல, அது வழியை அடைப்பதையும் சேர்த்துச் சொல்லும் பெயர். கல்லடைப்பும் நீர்த்தேக்கமும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்தாலும் கல் இல்லாமலே நீர் தேங்கலாம்.

தேக்கம் என்றால் அடுத்து நடப்பதும் புரிந்துவிடும். கல் வெளியேறினால் பெரும்பாலும் வடிந்துவிடும். மாதக்கணக்கில் நின்றால் சிறுநீரகத் திசு தேயும். வலி விட்டதாலேயே அடைப்பு விட்டது என்று இருந்துவிடக் கூடாது. தேங்கிய நீரில் கிருமி சேர்ந்து குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அங்கே பெரும்பாலும் முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து நீருக்கு வழி விடுவார்கள்; கல்லை அப்புறம்தான் எடுப்பார்கள்.