வறண்ட பீருக்குச் சர்க்கரை மருந்தல்ல

நொதித்து முடிந்த பீர் நாக்கில் தங்காமல் தண்ணீராய் ஓடுகிறது. கனம் இல்லை; ஹாப்ஸ் பூவின் கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.010க்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்; தண்ணீரின் அளவான 1.000ஐக் காட்டுகிறது. சர்க்கரை மிஞ்சாத இந்த நிலைதான் வறட்சி. கை உடனே சர்க்கரை டப்பாவைத்தான் தேடும். வேண்டாம். ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, போட்டதையும் தின்றுவிடும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். மூடிய பாட்டிலில் அது அளவு மீறினால் கண்ணாடி வெடிக்கும்.

ஈஸ்ட்டால் தின்ன முடியாததைக் கொடுக்க வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் நொதி பீர் ஈஸ்ட்டிடம் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மேக்கசன் ஆலை காய்ச்சிய மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரின் சூட்சுமம் இதுதான். 20 லிட்டர் பீருக்கு 300 கிராம் லாக்டோஸைக் கொதிக்கவைத்த நீரில் கரைத்து, ஆறவிட்டுச் சேர்த்தால் ஹைட்ரோமீட்டர் ஐந்தாறு புள்ளி (0.005, 0.006) ஏறும். இனிப்பு என்னவோ சாதாரண சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெளிர்நிற ஏல் வகை பீர்களுக்கு என் ஓட்டு மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு. ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் தூள் இது, சாதாரண ஈஸ்ட் தின்னாது: கனம் கூடும், இனிப்பு அநேகமாகத் தெரியாது.

ஆனால் எதைச் சேர்ப்பதற்கும் முன், பீர் ஏன் வறண்டது என்று தெரிய வேண்டும். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 62 முதல் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் பீட்டா அமைலேஸ் நொதி, ஈஸ்ட்டுக்குப் பிடித்த மால்டோஸைத் தாராளமாகத் தரும். 70 டிகிரியை நெருங்கினால் ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கும்; ஈஸ்ட்டுக்குச் செரிக்காத டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சி, பீருக்குக் கனம் தரும். தெர்மாமீட்டர் நாலு டிகிரி தவறாகக் காட்டினாலே கதை மாறிவிடும். இதுதான் காரணம் என்றால் மேலே சொன்ன வைத்தியம் போதும்.

வாரக்கணக்கில் அளவு இறங்கிக்கொண்டே போனால் சந்தேகம் டயஸ்டாட்டிகஸ் என்னும் ஈஸ்ட் வகை மீது விழ வேண்டும். இது குளுக்கோஅமைலேஸ் நொதியை வெளியே சுரந்து டெக்ஸ்ட்ரின்களையே குளுக்கோஸாக நறுக்கித் தின்னும். சைசான் என்ற பெல்ஜியப் பண்ணை பீருக்கான ஈஸ்ட்டுகள் பல இந்த வகைதான். இதற்கு மால்டோடெக்ஸ்ட்ரின் போடுவது விருந்து வைப்பது போல. லாக்டோஸை இதுவும் தொடாது. ஆனால் மிச்சமிருக்கும் டெக்ஸ்ட்ரினை விடாது. இப்படிப்பட்ட பீரைப் பாட்டிலில் அடைக்காமல் கெக் எனும் உலோகப் பீப்பாயில் ஊற்றி, குளிரில் வைத்து, சீக்கிரம் குடித்து முடிப்பதே நல்லது. நொதிக்கவைத்த பாத்திரத்தில் கீறல் விழுந்த பிளாஸ்டிக் குழாய் ஏதும் இருந்தால் தூக்கி எறியுங்கள். அடுத்த பீருக்கும் அங்கிருந்துதான் தொற்றும்.